ஐந்தில் மூன்று

ஜனவரி 8, வெள்ளி

சூரியன் வராத ஊரில் சூரியனுக்கு விழா எடுக்கும் மன்றமொன்றின் தலைவரோடு நான் குடும்பம் நடத்துகிறேன். குடும்பம் பழையது, தலைவர் பதவி புதிது. டிசம்பரில்தான் கிடைத்தது. போட்டிக்கு வேறு யாரும் நிற்கவில்லை என்பதை நான் வீட்டில் நினைவூட்டுவதில்லை.

நோர்வேயின் வட முனையில், மலைக்கும் கடலுக்கும் நடுவில், யாரோ கைமறதியாக வைத்துவிட்டுப் போனது போல ஒரு ஊர். ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு தேவாலயம், இரண்டு கடைகள், பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள். நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி கடைசியில்தான் திரும்பும். அதுவும் கணக்குப்படி. நடுவில் மலை நிற்பதால் எங்கள் ஜன்னலுக்கு வந்துசேரப் பெப்ரவரி ஆகிவிடும். தைப்பொங்கல் மட்டும் இதையெல்லாம் விசாரிக்காமல் ஜனவரி நடுவில் வந்துவிடும்.

இன்று சாப்பாட்டு மேசையில் தலைவர், அதாவது என் கணவர் குகதாசன், தம் திட்டத்தை வெளியிட்டார்.

"இந்த முறை ரெண்டு பொங்கல். வழமை போல மண்டபத்தில ஒண்டு. மற்றது இருபத்துநாலாம் திகதி, மேல கணவாய்க் குடிலடியில. அண்டைக்கு அங்க சூரியன் தெரியும். நேர சூரியனுக்கே படைக்கிறம். மேயரும் வாறா."

"எந்தக் குடில்?"

"கொழுக்கட்டைக்கு அங்கால இருக்கிறதுதான்."

கொழுக்கட்டை என்பது ஊருக்குப் பின்னால் நிற்கும் மலை. அதற்கு நோர்வே மொழியில் அழகான பெயர் உண்டு. நாங்கள் வந்த வருடமே மாற்றிவிட்டோம். குடிலுக்குப் போகும் பாதை அதன் வயிற்றைக் குறுக்காகக் கடக்கிறது.

"பானையையும் மேல கொண்டு போறதோ?"

"பானையில்லாமல் என்ன பொங்கல், வதனி?"

நியாயமான கேள்வி. நான் எழுந்து கோப்பைகளைக் கழுவினேன். மகள் அபிரா தன் கோப்பையை ஏற்கனவே கழுவி வைத்திருந்தாள். அதையும் கழுவினேன்.

ஜனவரி 11, திங்கள்

குளிர்காலத்தில் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று பாடசாலையில் உதவி ஆசிரியை. மற்றது, வாரத்தில் இரண்டு நாள் மலைக்குப் போய்ப் பனியைத் தோண்டிப் பார்த்து, அது மனிதர் மேல் விழுமா என்று அறிக்கை எழுதுவது. யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்தபோது பனியைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அதையும் விட்டோம்.

என்னோடு வருபவர் ரூனார். அவர் ஒரு நாளில் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைக்கலாம். இருவரும் இடுப்பளவுக்குக் குழி வெட்டுவோம். குழிச் சுவரிலிருந்து ஒரு பனித்தூணைத் தனியாக அறுத்து, அதன் தலையில் மண்வெட்டியின் தட்டை வைத்து, அதன் மேல் கையால் தட்ட வேண்டும். முதலில் மணிக்கட்டால், பிறகு முழங்கையிலிருந்து, கடைசியில் தோளிலிருந்து. தூண் எந்தத் தட்டில் வெட்டுப்பட்டு வழுக்குகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தூங்கவைப்பது போலத் தொடங்கி, கதவை உடைப்பது போல முடிகிற வேலை.

இன்று கதவு வரை போகவே இல்லை. குழந்தைக்கே தூண் சரிந்தது.

காரணம் அடியில் இருக்கிறது. நவம்பரில் விழுந்த பனி மெல்லியதாகக் கிடந்து, குளிரில் உருமாறிச் சீனியாகிவிட்டது. அள்ளினால் விரலிடுக்கில் ஓடுகிறது. அதன் மேல் காற்று கொண்டுவந்து அடுக்கிய பனி பலகை மாதிரி இறுகி நிற்கிறது. சீனி மூட்டையின் மேல் கொங்கிரீட் தட்டு. அது சாய்வாகவும் இருந்துவிட்டால், பிறகு ஒரு மனிதனின் பாரம் போதும்.

"மூன்று," என்றார் ரூனார்.

ஆபத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை. நான்கு, ஐந்து என்றால் வீட்டை விட்டு யாரும் கிளம்ப மாட்டார்கள். மூன்று என்றால்தான் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். அதனால் மூன்றில்தான் அதிகம் பேர் புதைகிறார்கள். ரூனார் எனக்கு இதைச் சொல்லித் தந்த அன்று தீப்பெட்டி நிறைந்துவிட்டது.

மாலையில் புட்டு அவித்தேன். மா குழைக்கும்போது கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அபிரா கேட்டாள், "அம்மா, புட்டு விழுமோ?"

ஜனவரி 15, வெள்ளி. தைப்பொங்கல்

மண்டபத்தில் நெருப்பு மூட்டினால் அலாரம் அடிக்கும், அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி வரும், வண்டி வந்தால் கட்டணம் வரும். ஆகவே மின்சார அடுப்பில் பொங்கினோம். கிழக்குப் பக்கம் கழிப்பறை. ஆகவே மேற்குச் சுவரில் கணினியிலிருந்து ஒரு சூரியனைப் பாய்ச்சினார்கள். தேவாரத்தின் நடுவில் கணினி தூங்கிவிட்டது, சூரியன் மறைந்தது. யாரோ ஓடிப்போய்ப் பொத்தானைத் தட்ட, மறுபடியும் உதயம். உலகத்திலேயே ஒரே காலையில் இரண்டு முறை சூரியோதயம் கண்ட தமிழர் நாங்கள்தான்.

தலைவர் உரையாற்றினார். இருபத்துநாலாம் திகதி நிஜச் சூரியன் என்றார். கைதட்டல்.

நான் எழுந்து, கொழுக்கட்டைச் சரிவு இப்போது மூன்றில் இருக்கிறது, போகக் கூடாது என்றேன். எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாகச் சொன்னேன்.

செயலாளர் பஞ்சலிங்கம் அண்ணை, எங்கள் எல்லோருக்கும் பஞ்சண்ணை, கையில் வடையோடு கேட்டார்: "எத்தினையில மூண்டு, பிள்ளை?"

"ஐஞ்சில."

"ஐஞ்சில மூண்டெண்டா அறுபது மார்க்ஸ்! பாஸ் எல்லோ!"

மண்டபம் சிரித்தது. எங்கள் பிள்ளைகளில் ஒருவர் அறுபது எடுத்து வந்திருந்தால் இதே மண்டபம் செத்தவீடாகியிருக்கும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

அதிகம் சிரித்தவர் தலைவர்.

ஜனவரி 17, ஞாயிறு

காற்று. உடுப்புக் கழுவினேன். ஏழு கையுறைகள், ஒன்றுக்கும் ஜோடி இல்லை.

ஜனவரி 19, செவ்வாய்

இன்னும் காற்று. தென்மேற்கிலிருந்து. அது கொழுக்கட்டையின் அந்தப் பக்கத்துப் பனியை வாரி இந்தப் பக்கத்து வயிற்றில் கொட்டிக்கொண்டிருக்கிறது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் உச்சியில் புகை போகிற மாதிரி இருக்கும். பார்க்க அழகு. அபிரா படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள்.

பாதையை மூட முடியுமா என்று ரூனாரிடம் கேட்டேன். சிரித்தார். அவருக்குப் பற்கள் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

"மலையை எப்படி மூடுவது?"

இது சுதந்திர நாடு. யாரும் எந்த மலைக்கும் எப்போதும் போகலாம். நாங்கள் அறிக்கை எழுதலாம். அவர்கள் அதை வாசிக்கலாம், அல்லது வடை சாப்பிடலாம்.

வீட்டில் தலைவரிடம் சொன்னேன். குடிலுக்கு வேறு வழி உண்டு, மலையின் முதுகில் ஏறிப் போவது. அது பாதுகாப்பு. ஆனால் செங்குத்து, சிறுவர்களும் பானையும் ஏற முடியாது.

"கீழ கார் நிப்பாட்டுற இடத்தில பொங்குவம். அங்கயிருந்து மலை உச்சியில வெயில் படுறது தெரியும்."

"வெயில் படுறது தெரியும்! நீர் கலியாண வீட்டுக்குப் போய், பந்தியைப் படத்தில பாத்திட்டு வருவீரோ?"

"உயிரோட வந்தால் போதும் எண்டுதான்."

"வதனி, பேப்பர்க்காரனுக்குச் சொல்லியாச்சு. மேயருக்குச் சொல்லியாச்சு. இப்ப போய், மனுசி விடமாட்டன் எண்டவ எண்டு சொல்லச் சொல்லுறீரோ? நகரசபை தடை எண்டு ஒரு கடிதம் எடுத்துத் தாரும். நான் நிப்பாட்டுறன்."

கடிதம் இல்லை என்றேன். அப்படியானால் தடையும் இல்லை என்றார். பூட்டு இல்லாத வீடு அவருக்குத் திறந்த வீடு.

ஜனவரி 21, வியாழன்

ரூனாரும் நானும் கொழுக்கட்டையின் அடிவாரத்துச் சமதரையில் நடந்துகொண்டிருந்தோம். காலுக்குக் கீழே "தொம்" என்றது. பெரிய சத்தமில்லை. பக்கத்து அறையில் யாரோ மெத்தையில் விழுந்த மாதிரி. ஆனால் சத்தம் காதால் வருவதில்லை, முழங்காலால் வருகிறது. பனி முழுவதும் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியது.

உள்ளே சீனிப் படை நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். சமதரையில் அது வெறும் சத்தம், கீழே போக இடமில்லை. சரிவில் அதே சத்தம் வந்தால் பலகை கழன்றுவிட்டது என்று அர்த்தம். அது கிளம்பவில்லை என்றால், ஏன் கிளம்பவில்லை என்று யாருக்கும் தெரியாது. நின்று ஆராயவும் யாரும் நிற்பதில்லை.

மாலை பாடசாலையில் பெற்றோர் கூட்டம். அபிராவுக்கு எல்லாவற்றிலும் நல்ல பெயர். அளவுக்கு மீறி உண்மை பேசுகிறாளாம். அதைக் குறையாகச் சொன்னாரா நிறையாகச் சொன்னாரா என்று ஆசிரியரின் முகத்தில் தெரியவில்லை.

ஜனவரி 23, சனி

காலையில் தலைவர் பொங்கலுக்கு வெல்லச் சர்க்கரை வாங்கப் பக்கத்து நகரத்துக்குப் போனார். போகும் வழியில் அபிராவைத் தோழி வீட்டில் விடுவதாகச் சொன்னார். நான் வீட்டைக் கூட்டி, மீன் வெட்டி, அலுமாரியை ஒதுக்கினேன். நல்ல அமைதியான நாள்.

பின்னேரம் இருவரும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். சர்க்கரை வரவில்லை.

"கடையில முடிஞ்சுதாம்," என்றார். பிறகு குளியலறைக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்ததும் இன்னொன்று சொன்னார். "போற வழியில மேலயும் ஒருக்காப் போட்டு வந்தனான். விறகு கொண்டு போனனான். தனியத்தான்."

"ஓ," என்றேன்.

சாப்பிடும்போது பஞ்சண்ணையின் அழைப்பு. தலைவர் கையில் சோறு, ஆகவே ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்ன தலைவர், போனனீரோ மேல?"

"ஓம் அண்ணை. போனனான்."

"எப்பிடிக் கிடக்கு?"

தலைவர் மீன் முள்ளை எடுத்தார். இன்னொரு முள்ளையும் எடுத்தார். அந்தத் துண்டில் முள்ளே இருக்கவில்லை.

"கிடக்குது, அண்ணை."

"அப்ப பிறகென்ன! தலைவர் போட்டு வந்திட்டார் எண்டு எல்லாருக்கும் போடுறன். மனுசிமார் ரெண்டு பேர் பயப்பிடுகினம், இதைக் கேட்டால் சரி."

தலைவர் மறுத்துப் பேசச் சரியாக ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. அந்த மூச்சை அவர் விட்டுவிட்டார். ஐந்து நிமிடத்தில் மன்றத்தின் கைப்பேசிக் குழுவில் செய்தி வந்தது: தலைவர் நேரில் சென்று பார்வையிட்டார், பாதை பிரமாதம். கீழே கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன.

ஒருவன் கடந்து வந்தான் என்பதால் சரிவு நல்ல சரிவாகிவிடாது. அது இன்னும் முடிவெடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இப்போது என் அறிக்கையை விடப் பலமான சாட்சி ஒன்று என் வீட்டு மேசையில் மீன் தின்றுகொண்டிருக்கிறது.

கோப்பைகளை அடுக்கும்போது அபிரா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, பனியில நடக்கேக்க தொம் எண்டு கேட்டா என்ன அர்த்தம்?"

"ஏன்?"

"பள்ளிக்கூடத்தில ஒரு ப்ரொஜெக்ட்."

அர்த்தத்தைச் சொன்னேன். சரிவில் கேட்டால் என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இந்த நாட்டுப் பாடசாலைகளில் நல்ல பாடங்கள் நடத்துகிறார்கள்.

உடுப்புக் காயப்போடும் அறையில் அவளுடைய சறுக்குச் சப்பாத்து நின்றது. கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே சொட்டச் சொட்ட ஈரம். தோழி வீட்டுக்குள் நன்றாகப் பனி பெய்திருக்க வேண்டும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

ஜனவரி 24, ஞாயிறு

எல்லோரும் வருவதற்கு முன்பே கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டேன். தொலைநோக்கியோடு. அறிக்கைக்காக.

நீல வெளிச்சம். மேகமில்லை, காற்றில்லை. கொழுக்கட்டை நேற்றுப் பிறந்தது போலச் சுத்தமாக இருந்தது. அதன் வயிற்றில் மட்டும் இரண்டு தடங்கள். ஒன்று அகலம்: சப்பாத்தின் கீழே தட்டுக் கட்டிக்கொண்டு நடந்த கால்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கட்டிக்கொண்டு நடப்பவர் ஒருவர் உண்டு. மற்றது ஒல்லியான இரட்டைக் கோடு: சறுக்குப் பலகைகள். எங்கள் வீட்டில் பலகையில் போகிறவளும் ஒருத்தி உண்டு. ஊரில் இன்னும் பலர் உண்டு என்பதையும் நியாயத்துக்காக எழுதுகிறேன்.

இரண்டு தடங்களும் சரிவின் நடுவரை போகின்றன. குடில் வரை போகவில்லை. நடுவில் பனி மிதிபட்ட ஒரு இடம். அதை ஒட்டி ஒரு மெல்லிய கோடு, வெள்ளைப் பீங்கானில் விழுந்த விரிசல் மாதிரி. அங்கிருந்து இரண்டும் திரும்புகின்றன. திரும்பும் கால்களுக்கு இடையே தூரம் அதிகம். நடந்தவர் அப்படிக் கால் வைப்பதில்லை. ஒல்லிக்கோட்டின் மேல் அகலக் கால்கள் மிதித்திருந்தன. ஆகவே ஒல்லிக்கோடு முன்னால், அகலக் கால் பின்னால்.

மிதிபட்ட இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. காகம் என்று வைத்துக்கொண்டேன். நெடுநேரம் பார்த்தேன். மிகவும் பொறுமையான காகம்.

அதன் பிறகு தொலைநோக்கியின் கண்ணாடி நனைந்துவிட்டது. குளிர்நாட்டில் இது அடிக்கடி நடக்கும்.

பத்து மணிக்கு மன்றம் வந்து சேர்ந்தது. பட்டுச் சேலைக்கு மேல் குளிர் அங்கிகள், வேட்டிக்குக் கீழே கம்பளிக் காற்சட்டை. கைக்குழந்தை ஒன்றை முதுகில் கட்டியிருந்தார்கள். பஞ்சண்ணை பானையைத் தோளில் வைத்திருந்தார், பேரன் கரும்பு வைத்திருந்தான். தாய்லாந்துக் கடையில் வாங்கிய, முழ நீளக் கரும்பு. தலைவருக்கு முகத்தில் இரத்தமில்லை. அபிரா காருக்குள்ளேயே இருந்தாள்.

"தலைவர், நடப்பம்! சூரியன் நிண்டுகொண்டிருக்காது," என்றார் பஞ்சண்ணை.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, பால் வரட்டும்."

பால் வந்தது.

"மேயர் வரட்டும்."

மேயர் வந்தார். எல்லோருக்கும் இனிப்புப் பணிஸ் கொண்டு வந்திருந்தார். நல்ல மனுசி. பானையைப் பார்த்து, இதை மேலேயா கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி கேட்க ஒரு நோர்வேக்காரி வேண்டியிருந்தது.

"எனக்கு முழங்கால் ஒரு மாதிரிக் கிடக்கு," என்றார் தலைவர்.

"எண்ணெய் தாறன், பூசும்."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போக விருப்பமில்லாத பிறந்தநாள் விழாக்கள், சேர விருப்பமில்லாத சீட்டுகள், கொடுக்க விருப்பமில்லாத கார். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து.

"அண்ணை, வதனிக்கு இது விருப்பமில்லை," என்றார் உரத்து. "அவ வேண்டாம் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறா. நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்றால் போதும். வில்லி வேடம் எனக்குப் பழகிய உடுப்பு, அளவும் சரி. அவருடைய மானம் தப்பிவிடும்.

ஆனால் பஞ்சண்ணை அதற்குள் பானையைத் தோளில் சரிசெய்துகொண்டிருந்தார். "வதனிப் பிள்ளை எப்பவும் உப்பிடித்தானே! நீர் அவவோட நிண்டு சமாதானம் பண்ணிப்போட்டு வாரும். பாதை நீரே பாத்திட்டீர், நாங்கள் மெல்ல நடக்கிறம். வாங்கோ பிள்ளையள்!"

சேலைகள் அசைந்தன. கைக்குழந்தை அசைந்தது. என் சொல்லை நம்பி நிற்க அங்கே யாருமில்லை. அவர் சொல்லை நம்பித்தான் நடந்தார்கள். ஆகவே நிறுத்தவும் அவரால்தான் முடியும்.

நான் தொலைநோக்கியை அவரிடம் நீட்டினேன்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா இதைப் பாத்துச் சொல்லுங்கோ. சரிவின்ர நடுவில ஒரு கறுப்புப் புள்ளி கிடக்கு. காகமோ? நான் அறிக்கை எழுத வேணும்."

வாங்கினார். பார்த்தார். அவர் எதையும் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை, என்னைப் பெண்பார்க்க வந்த நாள் உட்பட. அவர் காதருகே தெரிந்த நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. குளிர் என்று சொல்லலாம்.

"பஞ்சண்ணை," என்றார். யாரும் திரும்பவில்லை. மறுபடி, "பஞ்சண்ணை! நில்லுங்கோ!"

அவர்கள் நின்றார்கள்.

"அது காகமில்லை. என்ர விறகு."

"விறகோ? குடிலில எல்லோ வைச்சனீர்?"

"குடிலுக்குப் போகேல்லை அண்ணை. நடுவில போகேக்க காலுக்குக் கீழ தொம் எண்டுது. பக்கத்தில பனி வெடிச்சுது. கட்டை அப்பிடியே போட்டிட்டு ஓடி வந்திட்டன்."

யாரோ ஒருவர் சிரித்தார். "தலைவர் சத்தத்துக்குப் பயந்திட்டார் போல!" இன்னும் சிலர் சிரித்தார்கள். பஞ்சண்ணை சிரிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை.

"பயந்தது சரி. ஒண்டும் நடக்கேல்லைத்தானே, தாசன்?"

தலைவர் பஞ்சண்ணையின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்:

"பிள்ளையோட போனனான், அண்ணை."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பஞ்சண்ணை பானையை இறக்கித் தரையில் வைத்தார். பேரனைத் தேடி, அவன் தோளைப் பிடித்துத் தன் காலோடு அணைத்துக்கொண்டார். பேரன் கரும்பைக் கடித்தபடி நின்றான். மேயர் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். இங்கேயே பொங்கப் போகிறோம் என்று மொழிபெயர்த்தேன். ஏறத்தாழ அதுதான்.

கார்களுக்கு நடுவில் வாயு அடுப்பில் பொங்கினோம். சர்க்கரை இல்லாததால் வெள்ளைச் சீனி. பதினொன்றரை அளவில் கொழுக்கட்டையின் உச்சி இளஞ்சிவப்பானது, பிறகு பொன்னிறம். பானை பொங்கி வழிந்தது. மலையின் நெற்றியைப் பார்த்து எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். நான் மனதுக்குள் மட்டும், மெதுவாகக் கத்துங்கள் என்று சொல்லிக்கொண்டேன். சத்தத்துக்குச் சரிவு விழாது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும்.

வீட்டுக்கு வந்து பானையைக் கழுவினேன். அடி பிடித்திருந்தது. நன்றாகத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 25, திங்கள்

கொழுக்கட்டை அப்படியே இருக்கிறது.

ஜனவரி 26, செவ்வாய்

பஞ்சண்ணை அழைத்தார். "பிள்ளை, வந்திட்டுதோ?"

பிள்ளைப்பேற்றுக்கு நாள் கேட்பது மாதிரி. இன்னும் இல்லை என்றேன்.

"அப்ப நாங்கள் போயிருக்கலாம் போல."

"இருக்கலாம், அண்ணை."

"சும்மா பகிடிக்குச் சொன்னனான்," என்றார். சற்றுப் பொறுத்து, "இல்லைப் பிள்ளை, நல்லதுக்குத்தான்," என்றார். இரண்டையும் அவர் நம்புகிறார். எங்கள் தொழிலில் இதுதான் சம்பளம். நாங்கள் சொன்னதைக் கேட்டால் ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காவிட்டால் நாங்கள் சொன்னது பொய்.

தலைவரும் காலை எழுந்ததும் ஜன்னலுக்குத்தான் போகிறார். சரிவு விழுந்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. விழுந்தால் அவர் பயந்தது பயம் ஆகாது, புத்தி ஆகிவிடும். அப்படி நடக்கும் என்று மலை யாருக்கும் உறுதி எழுதிக் கொடுக்கவில்லை.

நாங்கள் இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். உப்பு வேண்டுமா. வேண்டாம். கதவைப் பூட்டியாச்சா. ஓம்.

ஜனவரி 27, புதன்

காலுறைகள் மடித்துக்கொண்டிருந்தேன். அபிரா கட்டிலின் ஓரத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, கோவமோ?"

"இல்லை."

"பிறகேன் என்னோட கதைக்கிறீங்கள் இல்லை?"

"இப்ப கதைக்கிறன்தானே."

"நான்தான் அப்பாவைக் கேட்டனான், நானும் வாறன் எண்டு. அப்பா முதல் மாட்டன் எண்டவர்." ஒரு காலுறையை எடுத்து, ஜோடி இல்லாத இன்னொன்றோடு மடித்தாள். "சத்தம் கேட்டவுடன அப்பா கத்தினவர். முன்னால போ, திரும்பிப் பாக்காத, நிக்காத எண்டு. நான் ஒருக்காத் திரும்பினனான். அப்பா எனக்குப் பின்னால கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கொண்டு ஓடி வந்தவர், அம்மா. பனியைத் தடுக்கிற மாதிரி."

"ம்."

"கீழ வந்து காருக்குப் பின்னால போய் நிண்டு அழுதவர். அம்மாவுக்குச் சொல்லாத எண்டவர்."

"நீ சொல்லேல்லைத்தானே. ப்ரொஜெக்ட் எண்டுதானே கேட்டனி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் காலுறைகளைப் பார்த்தேன். இரண்டு கைகளை விரித்து ஒரு மலையைத் தடுக்கப் பார்த்த மனிதன் முட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அறிக்கையில் எழுதக்கூடிய முட்டாள்தனம் அது. நான் அலுமாரியைத் திறந்து, மடித்தவற்றை வைத்து, மூடினேன். பிறகு அதற்குள் ஏதோ தேட வேண்டியிருந்ததால் மறுபடி திறந்து, சற்று நேரம் தலையை உள்ளே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 30, சனி

கொழுக்கட்டை அப்படியே. ஐந்தில் மூன்று.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது தலைவர் உப்பைத் தவிர்த்து முதல் தடவையாக ஒன்று கேட்டார். "நீரும் ரூனாரும் நெஞ்சில கட்டிக்கொண்டு போற கருவி, அது எப்பிடி வேலை செய்யிறது?"

"சத்தம் போடும். புதைஞ்ச ஆளின்ர கருவி சமிக்ஞை அனுப்பும், தேடுற ஆளின்ர கருவியில கேக்கும். கிட்டப் போகப் போகக் கூடும்."

"எனக்குப் பழக்கி விடுவீரோ?"

ரூனாரிடம் இன்னும் இரண்டு கருவிகள் கேட்டு வாங்கினேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. தீப்பெட்டி.

இன்று மதியம் ஒரு கருவியைப் பாண் வாங்கிய பையில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் ஆழப் பனியில் புதைத்துவிட்டுத் தடங்களை மூடினேன். மற்றதை அவர் கையில் கொடுத்தேன். அபிரா படிக்கட்டில் இருந்து பார்த்தாள். நான் தேநீர்க் கோப்பையோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேலியடியில் நின்றார். இந்த ஊரில் வேறு பொழுதுபோக்கு இல்லை.

தலைவர் முதலில் நேரே கார்க் கொட்டகைக்குப் போனார். கருவி மெல்லச் சிணுங்கியது. திரும்பினார். வட்டமாக நடந்தார். அம்பு காட்டிய திசைக்கு எதிரே நடந்தார். "இடப்பக்கம், அப்பா," என்று அபிரா வாயெடுத்தாள். அவள் முழங்காலில் கை வைத்து நிறுத்தினேன்.

புதைந்தவருக்கு மூச்சு ஏறத்தாழக் கால் மணித்தியாலத்துக்குத்தான். அதை நான் அவருக்கு முதலே சொல்லியிருந்தேன். அபிராவுக்கு முன்னால் சொன்னேன்.

முழங்காலில் விழுந்து, பனியோடு ஒட்டிக் கருவியைப் பிடித்து, அங்குமிங்கும் ஊர்ந்தார். சத்தம் நெருங்கியது, விலகியது, நெருங்கியது. மண்வெட்டியை மறந்து கைகளால் தோண்டினார். பிறகு மண்வெட்டி நினைவுக்கு வந்து அதை எடுக்க ஓடினார். திரும்பி வந்தபோது தோண்டிய இடம் எது என்று தெரியவில்லை. மறுபடி முழங்கால், மறுபடி சிணுங்கல்.

கடைசியில் எடுத்துவிட்டார். பாண் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். கண் இமையெல்லாம் பனி. வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி சிரித்தார். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பார். கிழவர் வேலியடியில் கைதட்டினார்.

என் தேநீர் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. கோப்பை கையில் ஐஸாகக் குளிர்ந்தது.

"பிள்ளை போயிருப்பாள்," என்றேன்.

சிரிப்பு நின்றது. அபிரா என் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்து வந்து பையை என்னிடம் நீட்டினார்.

"திரும்பப் புதையும்," என்றார்.

பிறகு போய், நான் புதைக்குமிடத்தைக் காணாதபடி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். முதுகு முழுவதும் பனி. நான் அதைத் தட்டிவிடவில்லை. இந்த முறை இன்னும் ஆழமாகப் புதைத்தேன்.